கருப்பு வெள்ளைச் சுற்றில் கேட்ட பாட்டைக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

பாட்டுவகுப்பு_டீச்சர் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். 8 முதல் 12 வயதுக்குள் ஒன்பது பிள்ளைகள், வாரம் இரண்டு வகுப்பு. ஜண்டை வரிசை, அலங்காரம் என்ற ஆரம்பப் பயிற்சிகள் முடிந்து, கீதம் என்ற எளிய பாட்டுகளில் இருக்கிறார்கள். டிவி பாட்டுப் போட்டியில் கருப்பு வெள்ளைச் சுற்று, அதாவது பழைய பாட்டுச் சுற்று வந்தால் போதும், அடுத்த வகுப்பில் "சிங்கார வேலனே", "மறைந்திருந்து பார்க்கும்", "ஒரு நாள் போதுமா" என்று வரிசையாகக் கேட்கிறார்கள். இந்த ஆர்வத்தைத் தள்ளிப்போடக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர்கள் பாடிக்கொண்டு வருவது போட்டியில் இன்னொரு குழந்தை பாடிய இரண்டு மூன்று நிமிடத் துண்டு. சுருதி எகிறி நிற்கிறது. இரண்டாவது சரணம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஸ்வரம் வருகிற இடத்தில் எழுத்தை மட்டும் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள்.

எந்தச் சுருதியில் வைப்பது, எந்தப் பதிவைக் கேட்கச் சொல்வது, அங்கிருந்து ராகத்துக்கும் கிருதிக்கும் (கச்சேரியில் பாடும் கர்நாடகப் பாட்டு) எப்படிக் கூட்டிப்போவது? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சுருதிப்பெட்டி

டீச்சர், சுருதியிலிருந்தே தொடங்குவோம். முக்கால்வாசிச் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

பாட்டை எடுத்ததும் "எந்தக் கட்டை?" (ஆர்மோனியக் கட்டையை வைத்துச் சொல்லும் சுருதி அளவு) என்று கேட்காமல், அதில் மிகக் கீழே தொடும் ஸ்வரம் எது, மிக மேலே தொடுவது எது என்று இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த வயதில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு, 5 கட்டை வைத்தால், மந்திர (கீழ் ஸ்தாயி) நிஷாதத்திலிருந்து தார (மேல் ஸ்தாயி) காந்தாரம் வரை சிரமமில்லாமல் வரும். மந்திர பஞ்சமம் காற்றாகத்தான் வரும், அதை நம்பிப் பாட்டை எடுக்க வேண்டாம். மேல் ஸ்வரம் கழுத்து நரம்பு புடைக்காமல், தாடை முன்னால் தள்ளாமல் வருகிறதா என்று பாருங்கள். அந்த இடத்திலிருந்து கீழ்நோக்கிக் கணக்குப் போட்டால் சுருதி தானாகக் கிடைக்கும். போட்டி மேடையில் பளிச்சென்று கேட்பதற்காக அரைக் கட்டை, ஒரு கட்டை ஏற்றி வைப்பது வழக்கம். வகுப்பில் அது தேவையே இல்லை. அரைக் கட்டை இறக்கியதும் கத்தல் போய்ப் பாட்டு வருவதை நீங்களே கேட்கலாம்.

ஆண் குரல் பாட்டுகளில் இன்னொரு கணக்கு உண்டு. மூலப் பாடகர் 1 கட்டையில் பாடியிருந்தால் குழந்தைக்கு 5 கட்டை ஒத்துவரும். ஆர்மோனியத்தில் எண்ணிப் பாருங்கள், மேல்நோக்கி ஏழு அரைச்சுரம், கீழ்நோக்கி ஐந்து. கரோக்கி டிராக்கை மூன்று அரைச்சுரத்துக்கு மேல் ஏற்றினாலோ இறக்கினாலோ தபலாவின் ஓசை கெட்டுவிடும், வயலின் தகரம் மாதிரி ஒலிக்கும். அந்தப் பாட்டுகளுக்கு டிராக்கை விட்டுவிட்டுத் தம்புரா, கைத்தாளம் மட்டும் போதும். ஆப்பில் எண்ணுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 3 கட்டைக்கும் 4 கட்டைக்கும் நடுவில் கறுப்புக் கட்டை கிடையாது, இரண்டுக்கும் இடைவெளி ஒரே அரைச்சுரம். 7-க்கும் மேல் 1-க்கும் அப்படியே. "ஒரு கட்டை இறக்கினேன், ஆனால் அரைதான் இறங்கியது" என்ற குழப்பம் இங்கேதான் வருகிறது.

எல்லாப் பழைய பாட்டுக்கும் தம்புரா போடாதீர்கள். விஸ்வநாதன்–ராமமூர்த்தி மெல்லிசைப் பாட்டுகள் பலவற்றில் கீழே கார்டு மாறிக்கொண்டே இருக்கும். ச-ப விடாமல் ஓடினால் பாதி இடத்தில் உரசும், குழந்தை தன் காதையே சந்தேகப்படும். அவற்றுக்குக் கீபோர்டில் கார்டு பிடித்துப் பயிற்சி கொடுங்கள். கே.வி.மகாதேவன், ஜி.ராமநாதன் மெட்டமைத்த ராகப் பாட்டுகளுக்குத் தம்புரா பொருந்தும்.

78சுற்று

சுருதிப்பெட்டி சொன்னதோடு, எந்தப் பதிவு என்ற கேள்விக்கு வருகிறேன்.

போட்டித் துண்டை வைத்துச் சொல்லிக்கொடுப்பது நகலின் நகலை எடுப்பதற்குச் சமம். அந்தக் குழந்தை எடுத்த மூச்சு, விட்ட கமகம் (ஸ்வரத்தின் அசைவு), நடுவர் கைதட்டலுக்காகச் சேர்த்த பிருகா (வேகமான குரல் உருட்டல்) எல்லாமே உங்கள் பிள்ளைக்கு மூலமாகிவிடும். சுசீலாம்மாவின் "மாலைப் பொழுதின் மயக்கத்திலே" (பாக்கியலட்சுமி, 1961) பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சந்திரகௌன்ஸ் ராக ஜாடையில் போகும் மெட்டு. அதில் ஒரு சங்கதி (வரியை மாற்றி மாற்றிப் பாடும் வடிவம்) கூடக் கூடுதலாக இல்லை, அதனால்தான் அந்தச் சோகம் நிற்கிறது. போட்டி வடிவங்களில் ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு குலுக்கல் சேர்ந்திருக்கும். முதலில் மூலம், ஒரு வாரம் கழித்துப் போட்டி வடிவம், பிறகு "எங்கே என்ன மாற்றியிருக்கிறார்கள்?" என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பத்து வயதுக் காது அதை நன்றாகப் பிடிக்கும்.

மூலத்திலும் இரண்டு வகை உண்டு. பத்து அங்குல 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று, மூன்றரை நிமிடம்தான் கொள்ளும். நீளமான பாட்டை இரண்டு பக்கமாகப் பிரிப்பார்கள், இல்லையென்றால் சுருக்குவார்கள். ஆகவே இசைத்தட்டிலிருந்து வந்த ஆடியோவும் படத்தில் வரும் பாட்டும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிடாமல் இரண்டையும் கேட்டு, வரிகளை ஒப்பிட்டு முழுப்பாட்டை எழுதிக்கொள்ளுங்கள்.

இணையத்தில் ஏற்றியிருக்கும் பல பதிவுகளில் வேகம் சற்றுக் கூடியோ குறைந்தோ இருக்கும். டேப் ஓடிய வேகத்தின் விளைவு. 4½-க்கும் 5-க்கும் நடுவில் தொங்கும், எந்தச் சுருதிப்பெட்டியோடும் சேராது. பிள்ளை தப்பாகப் பாடுகிறது என்று நினைத்துவிடாதீர்கள், பதிவு அப்படி. ஆடாசிட்டியில் சரிசெய்யலாம், ஆனால் சுருதியை மட்டும் மாற்றும் கருவி வேண்டாம், வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் கருவியை எடுங்கள். பிழையே வேகத்தில்தானே வந்தது. ஒரு அரைச்சுரம் என்பது வேகத்தில் சுமார் 6 சதவீதம். கால் கட்டை போல வித்தியாசம் என்றால் 3 சதவீதம் போதும். மூன்று நிமிடப் பாட்டில் அது ஐந்து விநாடிதான், ஆனால் குரலின் கனமே மாறித் தெரியும்.

யூடியூபில் 0.75 வேகத்தில் போட்டால் சுருதி மாறாது, கமகம் தெளிவாகக் கேட்கும். 0.5-க்குப் போகாதீர்கள், அசைவு குழைந்து எது ஸ்வரம் எது சறுக்கல் என்றே தெரியாமல் போகும்.

கடைசியாக ஒன்று, பாட்டு நோட்டில் மெட்டுக்கு மேலே படம், ஆண்டு, இசை, பாடலாசிரியர், பாடியவர் என ஐந்தையும் எழுதவைக்க வேண்டும். டிவியில் "சிவாஜி பாட்டு", "எம்.ஜி.ஆர். பாட்டு" என்று சொல்லிச் சொல்லி, நடிகரே பாடினார் என்று நினைக்கும் பிள்ளைகள் நிறைய. 1965 வரை இரட்டையராக இருந்த விஸ்வநாதன்–ராமமூர்த்தியின் பாட்டுகளை எம்.எஸ்.வி. பெயரில் மட்டும் சொல்வதும் சகஜமாகிவிட்டது. டி.கே.ராமமூர்த்தி பெயர் அந்த நோட்டிலாவது இருக்கட்டும். எஸ்.பி.பி. 1996-இல் தெலுங்கில் தொடங்கிய "பாடுதா தீயகா"வில் பாட்டை எழுதியவர், மெட்டமைத்தவர், அன்று பாடியவர் பற்றி நிறுத்தி நிதானமாகப் பேசுவார். ஒரு பாட்டுக்கு இரண்டு நிமிடம் அப்படிச் செலவிட்டாலே பிள்ளைகள் அடுத்த பாட்டைத் தாங்களாகத் தேடுவார்கள்.

கீழவீதி_நாயனம்

"சிங்கார வேலனே" பற்றித் தனியாக எழுத வேண்டும் என்று தோன்றியது. பிள்ளைகள் அதிகம் கேட்பதும், அதிகம் கெடுவதும் இந்தப் பாட்டுதான்.

கொஞ்சும் சலங்கை, 1962. எஸ்.எம்.சுப்பையா நாயுடு இசை, கு.மா.பாலசுப்பிரமணியம் வரிகள், எஸ்.ஜானகி குரல், காருகுறிச்சி அருணாசலம் நாகஸ்வரம். ராகம் ஆபேரி. போட்டியில் நாகஸ்வரத்துக்குப் பதில் கீபோர்டு வாசிப்பார்கள், அல்லது அந்த இடங்களை வெட்டிவிடுவார்கள். அப்போது பாட்டின் பாதி உயிர் போய்விடுகிறது. குரல் நாகஸ்வரத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டு போகும் பாட்டு இது. அந்த அசைவை நாகஸ்வரத்தில் கேட்காமல் குரலில் கொண்டுவர முடியாது. அதனால் முதல் வகுப்பில் பாடவே வேண்டாம். மூன்று முறை கேட்கவையுங்கள். முதல் முறை குரலை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள், இரண்டாம் முறை நாகஸ்வரத்தை மட்டும், மூன்றாம் முறை தாளம் போட்டுக்கொண்டு. பிறகு காருகுறிச்சியாரின் கச்சேரிப் பதிவு ஒன்றில் பத்து நிமிடம். அவருடைய குரு டி.என்.ராஜரத்தினம் பிள்ளை வரை போனால் இன்னும் நல்லது.

அடுத்து ஆரோகணம்: ச க ம ப நி ச. அவரோகணம்: ச நி த ப ம க ரி ச. ஏறும்போது ரிஷபமும் தைவதமும் கிடையாது. மனப்பாடமாக ஸ்வரம் பாடும் பிள்ளை வேகத்தில் "ச ரி க ம" என்று ஏறிவிடும். சரளி வரிசையில் விரலும் நாக்கும் பழகிய பாதை அதுதானே. ரி விழுந்ததும் ஆபேரி நழுவிக் கரகரப்பிரியா வாடை வரும். இதைத் தடுக்க ஒரே வழி, அந்த ஸ்வரக் கோர்வைகளை முதல் காலத்தில், ஒரு அட்சரத்துக்கு ஒரு ஸ்வரம் என்று பாடவைப்பது. இரண்டாம் காலம் (இரட்டிப்பு வேகம்) வர நான்கைந்து வகுப்பு ஆகலாம். பாட்டின் வேகம் அதற்கு அப்புறம். மெதுவாகப் பாட முடியாத ஸ்வரத்தை வேகமாகப் பாடினால் அது வெறும் எழுத்து உச்சரிப்பு.

ஆரம்ப ஆகாரத்தையும் ("ஆ" என்று இழுத்துப் பாடும் பகுதி) ஒரே மூச்சில் இழுக்கவைக்காதீர்கள். ஜானகியம்மா மூச்சு எடுக்கும் இடங்களைப் பென்சிலில் குறித்து, குழந்தைக்கு அதற்கு நடுவே இன்னும் இரண்டு இடம் கொடுங்கள். சொல் நடுவில் மட்டும் மூச்சு எடுக்கக் கூடாது.

பாட்டு வந்த பிறகு, அதே ராக வாசனையில் சுத்தானந்த பாரதியின் "எப்படிப் பாடினாரோ" கேட்கவையுங்கள். கர்நாடக தேவகாந்தாரி, இன்று பாடப்படும் ஆபேரிக்கு மிக நெருங்கிய உறவு. டி.கே.பட்டம்மாள் பாடியது. வரியும் எளிது, பிள்ளைகள் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்வார்கள். தியாகராஜரின் "நகுமோமு" அதற்குப் பிறகு, அவசரமில்லாமல்.

பாட்டுவகுப்பு_டீச்சர்

மிக்க நன்றி. முதல் காலத்தில் நிறுத்திப் பாடவைக்கும் யோசனை இந்த வாரமே தொடங்கிவிடலாம். ஆபேரிக்குச் சொன்ன மாதிரி மற்ற பாட்டுகளுக்கும் அடுத்த படி எது என்று யாராவது சொல்ல முடியுமா? "மறைந்திருந்து" ஏற்கெனவே நான்கு பேர் பாடுகிறார்கள்.

மேளகர்த்தா72

"மறைந்திருந்து பார்க்கும்" (தில்லானா மோகனாம்பாள், 1968), சண்முகப்பிரியா. பிள்ளைகள் தவறுவது மத்தியமத்தில். பிரதி மத்தியமம் (மேல் ம) பிடிக்காமல் சுத்த மத்தியமத்துக்கு (கீழ் ம) இறங்கினால் நடபைரவி ராகம் ஆகிவிடும், பாட்டு திடீரென்று வாடிப்போகும். ப-ம-ப, ப-ம-ப என்று பஞ்சமத்தில் சாய்ந்துகொண்டு பத்து முறை பாடவைத்தால் நிலைக்கும். அடுத்த படி பாபநாசம் சிவனின் "சரவணபவ எனும்".

"மன்னவன் வந்தானடி" (திருவருட்செல்வர், 1967) கல்யாணி. அங்கிருந்து "நிதி சால சுகமா". "தங்க ரதம் வந்தது" (கலைக்கோயில், 1964) ஆபோகி, அடுத்தது கோபாலகிருஷ்ண பாரதியின் "சபாபதிக்கு". இது தமிழ் என்பதால் பொருள் சொல்லிக் கற்பிக்கலாம். "சின்னக் கண்ணன் அழைக்கிறான்" (கவிக்குயில், 1977) ரீதிகௌளை, அடுத்தது "ஜனனி நின்னு வினா". ஆனால் ரீதிகௌளை வளைந்து வளைந்து போகும் ராகம், கீதத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு இப்போதைக்குக் கேள்வி ஞானம் போதும்.

"ஒரு நாள் போதுமா" (திருவிளையாடல், 1965) பாட்டைப் பாடவைக்க இந்த வயதில் அவசரப்பட வேண்டாம். பாலமுரளிகிருஷ்ணா அதில் மாண்டில் தொடங்கித் தோடி, தர்பார், மோகனம், கானடா என்று போகிறார். ராகமாலிகையில் ராகம் மாறும் விளிம்பில் பெரியவர்களே தடுமாறுவார்கள். ஆனால் கேட்டுக் கண்டுபிடிக்கும் பயிற்சிக்கு இதைவிட நல்ல பாட்டு கிடையாது, ஏனென்றால் கண்ணதாசன் ராகத்தின் பெயரை வரிக்குள்ளேயே வைத்திருக்கிறார். "எழுந்தோடி" என்ற சொல்லுக்குள் தோடி ஒளிந்திருக்கிறது. அதைச் சொல்லாமல், "தோடி எங்கே இருக்கிறது, தேடுங்கள்" என்று மட்டும் சொல்லி நோட்டைக் கொடுங்கள். தர்பாரும் மோகனமும் உடனே கிடைத்துவிடும், தோடிக்குத்தான் நேரம் எடுக்கும். கண்டுபிடித்த பிள்ளை அந்த இடத்தை ஆயுளுக்கும் மறக்காது. படத்தில் அதைப் பாடுவது கர்வம் பிடித்த ஹேமநாத பாகவதர் என்பதையும் சொல்லிவிடுங்கள். அந்த அட்டகாசமான தொனி பாத்திரத்துக்குரியது, எல்லாப் பாட்டையும் அப்படிப் பாடக் கூடாது.

மல்லிகைப்பந்தல்

ஒரு மாற்றுக் கருத்து. எல்லாச் சீசனிலும் திரும்பத் திரும்ப வருவது கடினமான அதே சில பாட்டுகள். கடினமாக இருந்தால்தான் மதிப்பெண் என்பதால் போட்டிக்கு அது சரி. வகுப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பழைய இசையில் எளிமையாகவும் அழகாகவும் எவ்வளவோ இருக்கிறது, அவற்றைப் பிள்ளைகள் கேட்க வாய்ப்பே இல்லை.

"அத்தை மடி மெத்தையடி" (கற்பகம், 1963). "அமுதைப் பொழியும் நிலவே" (தங்கமலை ரகசியம், 1957, டி.ஜி.லிங்கப்பா). பட்டுக்கோட்டையாரின் "தூங்காதே தம்பி தூங்காதே" (நாடோடி மன்னன், 1958), "சின்னப் பயலே" (அரசிளங்குமரி, 1961). எம்.எஸ்.சுப்புலட்சுமி அம்மாவின் "காற்றினிலே வரும் கீதம்" (மீரா, 1945, கல்கி எழுதியது). பட்டம்மாள் பாடிய பாரதியின் "ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே" (நாம் இருவர், 1947), இதை ஒன்பது பேரும் சேர்ந்தே பாடலாம்.

வரியின் பொருளையும் கொஞ்சம் பாருங்கள். "மன்மத லீலையை வென்றார் உண்டோ" (ஹரிதாஸ், 1944) சாருகேசி ராகத்துக்கு மிக நல்ல வாசல்தான். ஆனாலும் ஒன்பது வயதுக் குழந்தை பாவத்தோடு பாட வேண்டிய வரி அது இல்லை. எம்.கே.தியாகராஜ பாகவதர் பாடியதைக் கேட்கவைத்து, மெட்டை ஸ்வரமாக மட்டும் பாடவைத்தால் ராகம் கிடைத்துவிடும்.

அயலகத்_தமிழ்

வெளிநாட்டில் வகுப்பு எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு, உள்ளூரிலும் இப்போது பொருந்தும். பாட்டு வரியை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுக்காதீர்கள். ல, ள இரண்டும் ஒரே எழுத்தாகிவிடும், ந-ன-ண மூன்றும் ஒன்றாகிவிடும், நெடிலும் குறிலும் கலந்துவிடும். டி.எம்.எஸ். பாட்டில் பாதி அழகு உச்சரிப்பில்தான் இருக்கிறது. தமிழ் படிக்கத் தெரியாத குழந்தைக்கு வாயால் சொல்லி, ஒரு வரியை மெட்டில்லாமல் ஐந்து முறை பேசவைத்து, பிறகு மெட்டில் ஏற்றுங்கள். "பார்க்கும்", "மர்மம்" போன்ற சொற்களில் ர் விழுங்கப்படாமல் பேச்சில் வந்துவிட்டால் பாட்டிலும் வரும்.

பாட்டுவகுப்பு_டீச்சர்

எல்லாம் குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒரு சந்தேகம். 12 வயதுப் பையன் ஒருவனுக்கு மேல் ஷட்ஜத்தில் குரல் பிளக்கிறது. இதுவரை 5½ கட்டையில் நன்றாகப் பாடினான். போட்டித் தேர்வுக்கு அதே சுருதியில் தயார்செய்யச் சொல்லி வீட்டில் கேட்கிறார்கள்.

சுருதிப்பெட்டி

வேண்டாம் டீச்சர். மகரக்கட்டு (பையன்களுக்குக் குரல் உடைவது) தொடங்கும் வயது, பன்னிரண்டிலும் வரலாம், பதினான்கிலும் வரலாம். இப்போது மேல் ஸ்தாயியைத் தள்ளிப் பாடினால் தொண்டையை இறுக்கிப் பாடும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும், பிறகு அதை எடுப்பது பெரும்பாடு. சுருதியை அவன் குரல் போகும் வழியில் இறக்கிக்கொண்டே வாருங்கள், 4½, 4, தேவைப்பட்டால் இன்னும் கீழே. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மேல் எல்லையும் கீழ் எல்லையும் சரிபாருங்கள். ஒரே மூச்சாக ஒரு மணி நேரம் வேண்டாம், காலை பதினைந்து நிமிடம், மாலை பதினைந்து நிமிடம், மத்திய ஸ்தாயியில் மட்டும். கரகரப்பு இரண்டு மூன்று வாரம் விடாமல் இருந்தால் காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

போட்டிக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்றால், தார ஷட்ஜத்தைத் தொட்டுவிட்டு உடனே இறங்கும் பாட்டாகப் பாருங்கள், அங்கேயே நின்று பாடும் பாட்டு வேண்டாம். "தூங்காதே தம்பி"யை இறக்கிய சுருதியில் வைத்து முயற்சி செய்யலாம். மைக்கை வாயிலிருந்து நான்கு விரல் தள்ளிப் பிடிக்கட்டும், மேலே போகும்போது ஒரு சாண். பழைய பாடகர்கள் வாத்தியக்காரர்களோடு சேர்ந்து நின்று, மைக்குக்கு அருகிலும் தள்ளியும் அசைந்துதான் ஓசையைச் சமன் செய்தார்கள். அந்தப் பழக்கத்தைக் கைப்பிடி மைக்கில் இப்படித்தான் கொண்டுவர வேண்டும்.